ஒயிட் டவுனில் சாப்பிட: மதிலுக்குப் பின்னால் இருக்கிறது கடை

புதுச்சேரி ஒயிட் டவுனுக்குச் சாப்பிட வருகிறவர்கள் முதலில் தேடி அலைவது கடையின் வாசலைத்தான். துய்மா வீதியிலும் ரோமன் ரோலண்ட் வீதியிலும் மஞ்சள் மதிலும் பெரிய கதவும்தான் கண்ணில் படும். காரணம், இவை பெரும்பாலும் குடியிருந்த வீடுகள். 1761இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தள்ளினார்கள். 1765க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் பழைய தெருக்கோட்டின் மேலேயே திரும்பக் கட்டினார்கள். ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வீடு திண்ணை போட்டுத் தெருவைப் பார்க்கும். கிழக்கே பிரெஞ்சு வீடு மதிலுக்குள் தோட்டத்தைப் பார்க்கும். இன்று மேசை போட்டிருப்பது அந்தத் தோட்டத்தில். கதவோரம் தொங்கும் சின்னப் பலகையைப் பார்த்துவிட்டுத் தயங்காமல் நுழையுங்கள்.

ஊரின் கடைவீதி மேற்கில்தான்: பெரிய மார்க்கெட், ஒருகாலத்தில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் பெயரில் இருந்த நேரு வீதி, அங்கேயே இந்தியன் காபி ஹவுஸ். கிழக்குப் பக்கம் சாப்பாட்டுக்குப் பேர் வாங்கியது ரொம்பப் பிந்தி. முன்பு இங்கே கடற்கரையில் சரக்கு ஏற்றி இறக்கிய கப்பல் பாலம்தான் இருந்தது; அதை 1952 புயல் கொண்டுபோனது. துறைமுக அலுவலகமாக இருந்த கட்டடத்தில் இப்போது லே கஃபே நடக்கிறது. காபி சுமார்தான், கடலுக்காகப் போகலாம். மாலை 6 மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். உள்தெருவில் நிறுத்திவிட்டு நடங்கள். பல உணவகங்கள் மதியம் 3 மணிக்கு அடுப்பை அணைத்தால் 7 மணிக்குத்தான் திறக்கும்.

உணவுப் பட்டியலில் கிரியோல் (பிரெஞ்சும் தமிழும் கலந்த சமையல்) என்று எழுதியிருந்தால் இரண்டைக் கேளுங்கள். ஒன்று நெம்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் சாய்கோன் போய்வந்த சொல்தா (சிப்பாய்) குடும்பங்களோடு வந்த, பூரணம் வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் வியட்நாம் பண்டம். மற்றொன்று வடவம் போட்ட குழம்பு. நம் வடவத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் வதுவான் என்று சொல்லித் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். நசுக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் பிசைந்து காலையில் வெயிலில் பரப்ப வேண்டும். மாலையில் அள்ளி, விட்ட சாற்றிலேயே திரும்ப உருட்ட வேண்டும். இப்படி 10 நாளாவது காய்ந்தபின் விளக்கெண்ணெய் தடவுவார்கள். தாளிக்கும்போது எண்ணெய் புகைந்தால் வெங்காயம் கருகிக் குழம்பே கசந்துவிடும். அதனால் தீயைக் குறைத்துக் கிள்ளிப் போடுங்கள். மார்க்கெட்டில் வாங்கினால் ஓர் உருண்டையைப் பிட்டுப் பாருங்கள். நடுவில் ஈரம் தட்டினால் வேண்டாம், பூசணம் பிடித்துவிடும்.