சந்தனமும் 41-ஆம் எண்ணும்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட் ஹால்தான் என் தொழிற்சாலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், திருவிழா நோட்டீஸ் என்று எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். தீபாவளி ஆர்டர் குவிகிற நேரம் பார்த்து அது படுக்க ஆரம்பித்தது. திணறல் இல்லை, விண்டோஸ் நொறுங்கினால் வரும் நீலத்திரையும் இல்லை. பட்டென்று அணைந்துவிடும். பவர் பட்டனை இரண்டு தட்டு தட்டினால் மறுபடி எழுந்துகொள்ளும்.

முதலில் சூடு என்றுதான் நினைத்தேன். மூடியைக் கழற்றினால், தினமும் அம்மா போடும் சாம்பிராணிப் புகையும் தூசியும் சேர்ந்து காற்றாடியில் கருப்புப் பிசினாக அப்பியிருந்தது. பழைய பல்துலக்கி வைத்து ஒரு மணி நேரம் சுரண்டினேன். பிராசசர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டும் புதிதாகத் தடவினேன். 90 டிகிரிக்கு மேல் ஏறிக்கொண்டிருந்த பிராசசர் 70-க்கு இறங்கியது. மகிழ்ச்சியாகப் பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பட்!

கடைக்காரர் பவர் சப்ளை போய்விட்டது என்றார். 180 வெள்ளி (ரிங்கிட்). மாற்றிக் கொண்டுவந்த அன்று இரவே மறுபடி பட். அவர் மேல் கோபமில்லை, நானும் அதைத்தான் சந்தேகப்பட்டேன்.

அப்புறம்தான் விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவெண்ட் வியூவரைத் திறந்தேன். வரிசையாகக் கெர்னல்-பவர் 41. இந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு பவர் சப்ளையைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம். முறையாக மூடாமல் அணைந்தது என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்லாது. அதன் 'டீடெயில்ஸ்' பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. பக்செக்கோட் பூஜ்யம், அதாவது நீலத்திரைப் பிழை எதுவும் பதிவாகவில்லை, சரி. ஆனால் பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் என்ற வரியில் பூஜ்யத்துக்குப் பதிலாக நீளமாக ஓர் எண். யாரோ பவர் பட்டனை அமுக்கிப் பிடித்திருந்தார்கள் என்று அர்த்தம்.

வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

டார்ச் அடித்துப் பட்டனைப் பார்த்தேன். சுற்றியிருக்கும் இடுக்கு முழுக்க மஞ்சளாக, சுண்ணாம்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. ஆயுத பூசைக்கு அம்மா வைத்த சந்தனம்! குழைவாக வைத்தது உள்ளே இறங்கி இறுகிவிட்டது. பட்டன் பாதி அமுங்கியே நின்றது. மேசை அதிர்ந்தால் மிச்சமும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். தங்கை மகன் அமுக்கி விளையாடுகிறான் என்று விண்டோஸில் அந்தப் பட்டனுக்கு 'ஒன்றும் செய்யாதே' என்று நான்தான் எப்போதோ மாற்றி வைத்திருந்தேன். ஆனால் நான்கு விநாடி தொடர்ந்து அமுங்கியிருந்தால், விண்டோஸைக் கேட்காமல் மதர்போர்டே நிறுத்திவிடும்.

சோதித்துப் பார்க்க, மதர்போர்டிலிருந்து பவர் சுவிட்சின் சின்ன ஒயரை உருவிவிட்டு, அந்த இரண்டு முனையையும் ஸ்குரூ டிரைவரால் ஒரு தொடு தொட்டுக் கிளப்பினேன். இரண்டு நாள் அணையவே இல்லை. அப்புறம் ரீசெட் பட்டனின் ஒயரை எடுத்து அந்த இடத்தில் செருகினேன். இப்போது ரீசெட் பட்டன்தான் என் பவர் பட்டன்.

அம்மாவிடம் சொன்னேன். "சாமிக்கு வச்சது கெடுக்குமாய்யா? நீ எதையாவது நோண்டியிருப்ப" என்றார். 180 வெள்ளி கதையை இன்னும் சொல்லவில்லை.