சில்லாலைக்குப் போன சனிக்கிழமை

இந்த வருடம் எங்கள் பங்குத் திருவிழாவில் சுரூபம் வைத்த கூடு தூக்குகிறவர்களின் பட்டியலில் என் பேர் இல்லை. பதினொரு வருடமாக முன் தடியில், வலப்பக்கம் தோள் கொடுத்து வந்தவன். கேட்டேன். “இளம் பெடியளுக்கும் இடம் விடவேணும் அண்ணை” என்றார்கள். நியாயம்தான். ஆனாலும் சுற்றுப்பிரகாரம் முடியுமுன்னமே வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டுத் தானும் படுத்துவிட்டா.

பிறகு யூலை 25 வந்தது. குருநகர் யாகப்பர் கோயிலில் திருநாள் பூசைக்குப் போயிருந்தேன். அன்றைக்கு வாசிப்பது மத்தேயு 20ஆம் அதிகாரம். செபதேயுவின் மனைவி இயேசுவிடம் வந்து, உம்முடைய அரசில் என் பிள்ளைகள் இரண்டு பேரையும் வலமும் இடமுமாக இருத்தும் என்று கேட்கிற பகுதி. அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவர்தான் யாகப்பர். அவருடைய திருநாளிலேயே அவருடைய மானத்தை வாங்குகிற வாசகம்! பெரியவனாக ஆசைப்படுகிறவன் தொண்டனாக இருக்கட்டும் என்று அதற்கு வருகிற மறுமொழியை வருடா வருடம் கேட்கிறேன். இந்த முறை ‘வலப்பக்கம்’ என்ற சொல் மட்டும் என் தோளில் வந்து குந்திக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமை காலை மோட்டார் சைக்கிளை எடுத்தேன். சில்லாலைக்குப் போகவேண்டும் என்று ஏன் தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு யோசப் வாஸ் அடிகளாரை யாழ்ப்பாணத்தில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய ஊர் அது.

மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலைக்குக் கிட்ட ஒரு பிளேன்ரீ குடித்தேன். சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த வைத்தியர். அவர் தமிழைப் படித்து, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். நோயாளியோடு அவனுடைய மொழியில் பேசாதவன் என்ன வைத்தியன் என்று நினைத்திருப்பார் போல. அமெரிக்காவில் இருக்கிற அவருடைய கல்லறையில், தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்றுதான் பொறித்திருக்கிறது. இன்னும் கொஞ்சத் தூரத்தில் பண்டத்தரிப்பு. அவருக்கும் முன்னம், 1820இல், ஜோன் ஸ்கடர் என்ற இன்னொரு அமெரிக்க வைத்தியர் வேலை தொடங்கிய இடம். அங்கே நிற்கவில்லை, வெயில் ஏறத் தொடங்கிவிட்டது.

பண்டத்தரிப்பு தாண்டினால் காற்றே மாறிவிடும். மாதகல் பக்கக் கடலின் உப்பு வாசம் பனைகளுக்குள்ளால் வரும். சில்லாலை என்றால் எங்கள் அம்மாவுக்கு நாட்டு வைத்தியர்தான் ஞாபகம் வரும். எனக்கு அந்தக் கோவாக்காரர்.

1687இல் அவர் வந்து சேர்ந்தபோது இங்கே ஒல்லாந்தர் ஆட்சி. கத்தோலிக்கக் குருமார் கால் வைக்கக்கூடாது என்று சட்டம். அதனால் கூலிக்காரன் வேடத்தில், இடுப்பில் ஒரு துண்டோடு வந்தார். பிறப்பால் கோவாப் பிராமணர் என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்கவேண்டும். ஆர் வீட்டில் ஆர் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்று கணக்குப் பார்த்த மண் இது. கோயிலுக்குள்ளேயும் அந்தக் கணக்கு இருந்தது, இல்லை என்று நாங்கள் பொய் சொல்லக்கூடாது. அந்த மண்ணில் அவர் படலை படலையாகப் பிச்சை கேட்டு நடந்தார். கழுத்தில் கிடந்த செபமாலையைப் பார்த்து எவருடைய முகமாவது மாறினால், அது நம்முடைய ஆள் வீடு.

வந்த கையோடு வயிற்றோட்டம் பிடித்துவிட்டது. தொற்றிவிடும் என்று பயந்து ஊரார் அவரை வெளியே ஒரு பற்றைக்குள் கொண்டுபோய் விட்டார்கள் என்றும், இரக்கப்பட்ட ஒரு பெண் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்க வைத்தாள் என்றும் சொல்வார்கள். அந்தப் பெண்ணின் பேர் ஒருவருக்கும் தெரியாது.

பிறகு சில்லாலைச் சனம் அவரை ஏற்றுக்கொண்டது. பகலில் ஒளிந்திருந்து இரவில் பூசை வைத்தார். 1689 நத்தாருக்கு ஒல்லாந்தர் வீடுகளைச் சுற்றி வளைத்தார்கள். பலர் பிடிபட்டார்கள், அவர் அகப்படவில்லை. அங்கிருந்து புத்தளம், பிறகு கண்டி. கண்டியில் ஒற்றன் என்று சிறை. 1697இல் அங்கே அம்மை பரவி, சொந்தச் சனமே நோயாளியை விட்டுவிட்டு ஓடியபோது, இவர் வீடு வீடாகப் போய்க் கழுவித் துடைத்து, கஞ்சி ஊட்டி, செத்தவர்களைப் புதைத்தார். பற்றைக்குள் வாங்கிக் குடித்த கஞ்சி அப்போது அவருக்கு ஞாபகம் வந்திருக்காதா? எனக்கு அப்படித்தான் படுகிறது. பிற்காலத்தில் ஆயர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். 1711இல் காலமானார். 2015 சனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததை நாங்கள் டீவியில் பார்த்தோம்.

கதிரை மாதா கோயிலடிக்குப் போனபோது சனமே இல்லை. மெழுகுதிரி கொளுத்துகிற இடத்தில் ஓர் ஆச்சி சம்மணம் கட்டி இருந்து, மொட்டைக் கத்தியால் நிலத்தில் உறைந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தா. பக்கத்தில் இரண்டு சிரட்டை. வெள்ளை மெழுகு ஒன்றில், கரி பிடித்தது மற்றதில். கத்தி போகாத வெடிப்புக்குள் ஈர்க்கு விட்டுக் கிளறினா.

“தம்பி, செருப்பை அங்கால விடுங்கோ. மெழுகு ஒட்டும்.”

“உங்களை ஆர் ஆச்சி இந்த வேலைக்கு விட்டது?”

“ஆர் விடுறது? போன கிழமை ஒரு பிள்ளைத்தாச்சி சறுக்கிப் போனாள். விழுந்திருந்தா?”

மெழுகை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். உருக்கித் திரி போட்டு வைப்பாவாம், கரண்ட் போன நேரம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு உதவுமாம். தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவன் நான். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, வாஸ் சுவாமியாருக்குக் கஞ்சி கொடுத்த பெண் இந்த ஊரா என்று கேட்டேன்.

“ஆருக்குத் தெரியும். பேரைச் சொல்லிப்போட்டோ கஞ்சி குடுக்கிறது?” என்றுவிட்டு ஆச்சி ஈர்க்கை மாற்றினா.

இன்னொரு கத்தி இருக்கா என்று கேட்டேன். சேலைத் தலைப்பில் துடைத்துத் தன்னுடையதையே தந்தா. நிலத்தில் இருந்து பழக்கம் விட்டுப்போனதால் முழங்கால் உளைந்தது. சூடேறிய மெழுகு கத்தியில் இழுபட்டு வந்தது. பலமாக அழுத்தினால் சீமெந்தும் சேர்ந்து பெயர்ந்தது. சரித்துப் பிடிக்கச் சொல்லித் தந்தா. அரை மணித்தியாலத்தில் ஒரு சிரட்டை நிறைந்தது. கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நல்ல வார்த்தை ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டுதான் எழும்பினேன்.

ஆச்சி குனிந்து பார்த்தா.

“அந்த மூலையை விட்டுப்போட்டியள், தம்பி.”