மைனருக்கு வோட்டர் பம்ப்: காரின் பெயரை நம்பாமல் அளந்து வாங்குங்கள்

"மொறிஸ் மைனருக்கு வோட்டர் பம்ப் இருக்கோ?" என்று கேட்டால் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ஏதோ ஒரு பம்பை எடுத்து வைப்பார்கள். நாலு போல்ற் துளையும் சரியாகவே இருக்கும். பெல்ற்றைப் போடும்போதுதான் சிக்கல் தெரியவரும். யாழ்ப்பாணத்தில் ஓடுகிற ஒரு மைனர் 1000க்கு அண்மையில் பம்ப் மாற்றினோம். பழையதைக் கழற்றியதிலிருந்து புதியதைப் பூட்டி ஓடவிட்டதுவரை எதை எதைப் பார்த்தோம் என்பதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் எஞ்சின் எது என்று உறுதிப்படுத்துங்கள். பொனற்றில் உள்ள பெயர் போதாது. மைனர் என்ற ஒரே பெயரில் நாலு எஞ்சின்கள் வந்தன. 1948இல் வெளிவந்த முதல் மைனரின் 918 சிசி எஞ்சினில், சூடான தண்ணீர் தானாக மேலேறி ரேடியேற்றரில் குளிர்ந்து கீழிறங்கும். அதில் தொடக்கத்தில் வோட்டர் பம்ப்பே இல்லை. 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098 என்று பிறகு வந்த மூன்றும் ஏ-சீரிஸ் என்ற ஒரே குடும்ப எஞ்சின்கள். பிளொக்கின் பக்கத்தில் உள்ள தகட்டைத் துடைத்துப் பாருங்கள்: 9எம் என்று தொடங்கினால் 948, 10எம் என்று தொடங்கினால் 1098. எங்கள் ஊர்க் கார்களில் எஞ்சின் மாறியிருப்பது சாதாரணம். 1990களில் பொருளாதாரத் தடையால் உதிரிப்பாகம் வராத காலத்தில், கிடைத்ததை வைத்து ஓட்டிய வாகனங்கள் இவை.

ஒஸ்ரின்காரர்களுக்கும் இதே கவனம் வேண்டும். ஏ40 என்றால் எங்கள் ஆக்கள் நினைப்பது டெவனும் சமர்செற்றும்; அவற்றில் இருப்பது 1200 சிசி எஞ்சின். 1958இல் வந்த ஏ40 ஃபரீனாவில் இருப்பதோ மைனரின் ஏ-சீரிஸ். ஏ40 பம்ப் என்று மட்டும் சொல்லிவிட்டால் எது வந்து சேரும் என்று சொல்ல முடியாது. ஏ55 கேம்பிரிட்ஜில் 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சின். அதே குடும்ப எஞ்சின்தான் இந்திய அம்பாசடரிலும் இருந்தது, ஆகவே சென்னையில் தேடிப் பார்க்கலாம். ஆனால் 1992க்குப் பிறகு அம்பாசடரில் இசுசு எஞ்சினும் வந்தது; அந்தப் பம்ப் இதற்குச் சரிவராது.

பழைய பம்பைக் கழற்றாமல் புதியதுக்குச் சொல்லி அனுப்பாதீர்கள். ரேடியேற்றர், பிளொக் இரண்டின் தண்ணீர்க் குழாய்களையும் திறந்து விடுங்கள். மைனரில் கிட்டத்தட்ட 5 லீற்றர் வரும். ரேடியேற்றரை வெளியே எடுத்துவிட்டால் வேலை பாதியாகும். ஃபானும் புலியும் (பெல்ற் ஓடும் சில்லு) பம்பின் தண்டு முனையில் உள்ள ஹப்பில், நாலு கால் அங்குலப் போல்ற்றுகளில் நிற்கின்றன. பம்பைப் பிளொக்கில் பிடிப்பவை 5/16 அங்குலப் போல்ற்றுகள், அரை அங்குலச் சாவி போதும். அவற்றின் நீளம் ஒன்றுபோல் இராது. எந்தத் துளையில் எது இருந்தது என்று கடதாசி மட்டையில் குத்தி வையுங்கள். இறுகிப்போன போல்ற்றைப் பலவந்தம் பண்ணினால் தலை முறியும். எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, சூடு காட்டித் திருப்புங்கள். தொலைந்ததுக்குப் பதிலாக 8 மில்லிமீற்றர் போல்ற் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 5/16 என்பது 7.94 மில்லிமீற்றர், ஆகவே அது இரண்டு சுற்று போகும். புரியின் இடைவெளி 1.41க்கு 1.25 என்று வேறுபடுவதால் அதற்குப் பிறகு பிளொக்கின் புரியையே அறுத்துவிடும்.

இனி அளவு. வேனியர் அளவுகோல் ஒன்றை எடுத்து, பிளொக்கில் ஒட்டும் முகத்திலிருந்து புலி பொருந்தும் ஹப்பின் முகம்வரை அளவுங்கள். தெரிவில் முடிவு சொல்கிற அளவு இதுதான். ஏ-சீரிஸ் பம்புகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் ஹப் நிற்கும் தூரம் மாறும். எங்களுக்கு முதலில் வந்த பம்பில் ஹப் 3 மில்லிமீற்றர் முன்னுக்கு நின்றது. அப்படியே பூட்டியிருந்தால் கிராங்க் புலி, டைனமோ புலி, பம்ப் புலி மூன்றும் ஒரே நேரில் நில்லாமல் பெல்ற் ஒரு பக்கம் தேயும், பெயாரிங்கும் கெதியாகப் போகும். ஹப்பை லேத்தில் அழுத்தி நகர்த்தலாம் என்று சிலர் சொல்வார்கள். தண்டில் பிடி தளர்ந்தால் ஓடும்போது ஃபான் கழன்று ரேடியேற்றரைக் கிழித்துவிடும். திருப்பிக் கொடுத்து வேறு எடுப்பதே நல்லது, நாங்களும் அதையே செய்தோம்.

அடுத்தது பைபாஸ். மைனரின் ஹெட்டிலிருந்து பம்பின் மேற்பக்கத்துக்கு ஒரு குட்டை ஹோஸ் வருகிறது. தண்ணீர் சூடானதும் திறக்கும் வால்வான தெர்மோஸ்ராற் மூடியிருக்கும்போது தண்ணீர் எஞ்சினுக்குள் சுற்றுவது அதன் வழியாகத்தான். பிந்திய மினிக்குச் செய்த பம்புகள் சிலவற்றில் இந்தக் குழாயே இல்லை. மலிவு என்று அதை வாங்கி ஹெட்டின் வாயை அடைத்தால், எஞ்சின் சூடாகும்வரை தண்ணீர் நகராது. ஹெட்டில் ஓரிடம் மட்டும் கொதிக்கும். இந்த ஹோஸ் புதிதுபோல் இருந்தாலும் பம்போடு சேர்த்து மாற்றிவிடுங்கள். பம்ப் பூட்டியபின் நேர் ஹோஸை அந்த இடுக்கில் நுழைப்பது பெரும் பாடு.

பம்பின் உடலில் டைனமோவின் முன் காதைப் பிடிக்கும் துளையும் உண்டு. டைனமோவுக்குப் பதிலாக ஒல்டனேற்றர் போட்ட கார் என்றால் அந்தத் துளையின் இடத்தையும் ஒப்பிடுங்கள்.

பம்பின் உள்ளே தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சில்லான இம்பெல்லரைத் திருப்பிப் பாருங்கள். வார்ப்பிரும்பில் செய்தது வேண்டும். தகட்டை வளைத்துச் செய்தது எங்கள் தண்ணீரில் நெடுநாள் நில்லாது. பெரிய இம்பெல்லர் என்றால் பழைய பிளொக்கின் குழியில் முட்டலாம். சிறுவர்கள் விளையாடும் பிளாஸ்ரிசீனை இதழ்களில் சிறிது ஒட்டி, காஸ்கெற்றோடு பம்பைக் கையால் இறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். எங்கே எவ்வளவு நசிந்திருக்கிறது என்று பார்த்தால் இடைவெளி தெரியும்.

பூட்டும்போது பழைய காஸ்கெற்றை முழுவதும் சுரண்டி எடுங்கள். சிலிக்கனை அப்பினால் உள்ளே பிதுங்கியது பிய்ந்து ரேடியேற்றர் குழல்களை அடைக்கும்; கடதாசிக் காஸ்கெற்றில் மெல்லிய பூச்சுப் போதும். போல்ற்றுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, 16 அடி-இறாத்தல் அளவில் இறுக்குங்கள். பெல்ற்றின் நீண்ட பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் தாழவேண்டும். புதுப் பம்ப் கெதியில் போவதற்கு நாங்கள் காணும் பெரிய காரணம் பெல்ற்றைக் கம்பிபோல் இழுத்துவிடுவதுதான்.

கிணற்றுத் தண்ணீர் விடவே வேண்டாம். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல்; கிணற்று நீர் கடினமானது, கரையோரத்தில் உவரும் சேரும். சுண்ணாம்பு சீலின் முகத்தில் படிந்து அதைத் தேய்க்கும், உப்பு இம்பெல்லரைத் தின்னும். பற்றறித் தண்ணீரோடு மூன்றிலொரு பங்கு கூலன்ற் கலந்து விடுங்கள். செம்பு, பித்தளை ரேடியேற்றருக்கு ஏற்ற பழைய வகைக் கூலன்ற்தானா என்று போத்தலில் வாசித்துப் பாருங்கள். தெர்மோஸ்ராற்றை எங்கள் வெயிலுக்காகக் கழற்றி எறிய வேண்டியதில்லை. 74 பாகைக்குத் திறப்பது கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

ரேடியேற்றர் மூடியைத் திறந்துவைத்தே ஸ்ராற் பண்ணி, தெர்மோஸ்ராற் திறந்து நீர்மட்டம் இறங்கியதும் நிரப்பி மூடுங்கள். பம்பின் அடியில் உள்ள சிறு துளையைக் கவனியுங்கள். முதல் ஓட்டத்தில் ஓரிரு துளி கசிந்து நின்றால் சீல் படிகிறது என்று விடலாம். தொடர்ந்து சொட்டினால் சீல் பிழை. அந்தத் துளையை ஒருபோதும் அடைக்கவேண்டாம். அடைத்தால் தண்ணீர் பெயாரிங்குக்குள் போகும்.

கழற்றிய பழைய பம்பை இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். உடல் வெடிக்காமல், தண்டு நிற்கும் துளை தேயாமல் இருந்தால் புதுப் பெயாரிங்கும் சீலும் போட்டு இன்னொரு முறை பாவிக்கலாம். எஞ்சின் இலக்கத்தையும் ஹப் அளவையும் ஒரு துண்டில் எழுதி அதோடு கட்டி வையுங்கள்.