ஆமை கிடைத்தது, ஆணையில் ஒரு வரி இல்லை

கையடக்க இரத்தப் பரிசோதனைக் கருவியைக் காட்டுக்கு எடுத்துப்போகத் திட்டமிடுகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கருவி கையில் அடங்கும். அதற்கு வேண்டிய குளிர்ச்சி அடங்காது. நாங்கள் கொண்டுபோனது 16 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரைதான் வேலை செய்யும். உடுமலை – மூணாறு சாலையில் போனவர்களுக்குச் கேரளப் பக்கம் இருக்கும் சின்னார் சரணாலயத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மறையூரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டவர், கீழே முள்காட்டுக்கு இறங்குவதற்குள் அதைக் கழற்றி இடுப்பில் கட்டியிருப்பார். அந்த வெயிலில் ஜீப்பின் பானெட் மேல் கருவியை வைத்தால் என்ன ஆகும்? 'வெப்பநிலை வரம்புக்கு வெளியே' என்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். ஊசியில் இரத்தம் தயாராக இருக்கும். இரத்தத்திலுள்ள வாயு அளவுகளும், தசை திமிறினால் ஏறும் லாக்டேட்டும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் என்பதால், கருவி குளிரும்வரை அந்த இரத்தம் காத்திருக்கவும் முடியாது.

எங்கள் வேலை நட்சத்திர ஆமைகளைப் பற்றியது. கடத்தலில் பிடிபட்ட ஆமைகளைக் காட்டில் விடலாமா என்று முடிவு செய்ய வேண்டுமானால், காட்டிலேயே பிறந்து வளர்ந்தவற்றின் இரத்தம் எப்படி இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். இரத்தத்தைப் பாதுகாத்து ஊருக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கலாமே என்று கேட்பார்கள். எங்களுக்குப் பழக்கமான ஆய்வகம் இருப்பது தமிழ்நாட்டுப் பக்கம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கின் இரத்த மாதிரி மாநில எல்லையைத் தாண்ட வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு கோப்பு நகர வேண்டும். கருவியை வாங்கியதே அந்தக் கோப்பிலிருந்து தப்பிக்கத்தான்.

ஆனால் இன்னொரு கோப்பு மாட்டிக்கொண்டது. நட்சத்திர ஆமை முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதை முதல் அட்டவணைக்கு ஏற்றியது; 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முதல் அட்டவணை விலங்கைப் பிடித்து ஆய்வு செய்ய, 12ஆம் பிரிவின்படி மாநில அனுமதி மட்டும் போதாது. மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும். இதை ஓர் அலுவலகத்தில் எழுத்தர் ஒருவருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர் மேசை இழுப்பறையிலிருந்து அட்டை கிழிந்த சட்டப் புத்தகத்தை எடுத்து, நான்காம் அட்டவணையில் விரலை வைத்து, "இதோ இருக்கிறதே, டெல்லிக்கு எதற்கு சார்?" என்றார். திருத்தம் வந்துவிட்டது என்றேன். "புத்தகத்தில் இல்லையே" என்றார். அவர் அனுப்பிய கோப்பு மேலே போய், 'மத்திய அரசின் முன் அனுமதி எங்கே?' என்ற சிவப்பு மைக் குறிப்போடு நிதானமாகத் திரும்பி வந்தது. அடுத்த முறை அரசிதழின் அந்தப் பக்கங்களை அச்சடித்து அவரிடமே கொடுத்தேன். மனிதர் அவற்றைப் பசை தடவித் தன் புத்தகத்திலேயே ஒட்டிக்கொண்டார். இனி அந்த மேசைக்கு வருகிற ஆமைக்காரர்கள் எனக்கு நன்றி சொல்லலாம்.

ஒருவழியாக அனுமதி ஆணை வந்தது. குளிர்ப்பெட்டி, கருவி, இரத்தத்தை விட்டுக் கருவிக்குள் செருகும் சோதனை அட்டைகள் எல்லாவற்றோடும் போய் நின்றோம். வாயிலில் இருந்த வனவர் ஆணையை வரி வரியாகப் படித்தார். பிடிக்கலாம், அளக்கலாம், எடை பார்க்கலாம், விடுவிக்கலாம். "டாக்டர், இரத்தம் எடுக்கலாம் என்று இதில் எங்கே இருக்கிறது?" என்றார். விண்ணப்பத்தில் எத்தனை மில்லி என்பதுவரை எழுதியிருந்தோம்; ஆணையைத் தட்டச்சு செய்தவர் அந்த வரியை விழுங்கிவிட்டார். வனவர்மேல் குறை சொல்ல முடியாது, அவர் படித்ததுதான் சட்டம். அன்றைக்கு ஆமைகளை எடை போட்டுவிட்டு மலையிறங்கினோம். குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்ட அட்டைகளைத் திரும்பக் குளிரில் வைக்கக் கூடாது. அறை வெப்பத்தில் அவற்றுக்கு இரண்டு வாரம்தான் ஆயுள். திருத்திய ஆணை அந்த இரண்டு வாரத்துக்குள் வரவில்லை. அட்டையின் விலை தெரிந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். ஆணையைக் கையில் வாங்கியதும் அலுவலகத் திண்ணையிலேயே உட்கார்ந்து படியுங்கள். இனத்தின் பெயர், இடம், எந்த நரம்பில் எவ்வளவு இரத்தம், உடன் வருகிறவர்கள், மிச்ச மாதிரியை என்ன செய்வது, இவற்றில் எது விடுபட்டாலும் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

இரத்தம் எடுப்பதில் எனக்கு ஆசான் வழிகாட்ட வந்த வாட்சர் அண்ணன்தான். அந்தக் காட்டுக் குடி ஒன்றில் பிறந்தவர். நான் ஆமையைத் தூக்கிக் கழுத்து வெளியே வரும் வருமென்று காத்திருந்ததைச் சற்று நேரம் வேடிக்கை பார்த்தார். "தூக்கிப் பிடித்தால் உள்ளேதான் போகும் சார். பின்னங்கால் இரண்டையும் மெதுவாக உள்ளே தள்ளுங்கள், தலை தானாக வரும்" என்றார். வந்தது. தாடைக்குப் பின்னால் இரண்டு விரலால் பிடித்துக் கழுத்தை நீட்டியதும், பக்கவாட்டில் நரம்பு மெல்லப் புடைத்தது. ஊசி நுழைந்ததும் முதலில் ஏறியது தண்ணீர் போன்ற தெளிந்த திரவம். அது நிணநீர். அதோடு கலந்த இரத்தம் எந்தச் சோதனைக்கும் உதவாது. கொட்டிவிட்டுப் புது ஊசியோடு மறுபடி தொடங்க வேண்டும். ஓட்டுக்கு அடியில் குத்தி எடுக்கும் முறையில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். நலமான விலங்கில் உடல் எடையில் அரை சதவீதம், அதாவது ஒரு கிலோ ஆமையில் 5 மில்லி வரை எடுக்கலாம் என்பது பொதுக் கணக்கு. நாங்கள் ஒரு மில்லியைத் தொட்டதில்லை. கருவிக்கு இரண்டு மூன்று சொட்டே போதும்.

வெயில் பிரச்சினைக்குத் தீர்வு, கருவியையும் குளிர்ப்பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது. பனிக்கட்டிப் பைகளைத் துண்டில் சுற்றி ஓரமாக வைத்து, உள்ளே ஒரு வெப்பமானியும் போட்டோம். பெட்டி சமதளத்தில் இருக்க வேண்டும். சோதனை முடியும்வரை அசைக்கக் கூடாது. கிளம்பும் முன் மென்பொருள் காலாவதியாகவில்லை என்பதையும் பார்த்துவிடுங்கள். ஆகியிருந்தால் காட்டில் அது வெறும் பெட்டிதான். இவ்வளவும் சரியாக அமைந்த நாளில், மர நிழலில் இரண்டே நிமிடத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் என்று எண்கள் வரிசையாக வந்தபோது, வாட்சர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கள் ஆமைக்கும் சர்க்கரை பார்த்துவிட்டீர்களா?" என்றார்.

வந்த எண்களை எல்லாம் நம்பிவிடாதீர்கள். கருவி மனிதர்களுக்காகச் செய்யப்பட்டது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய அது காட்டும் யூரியாவும் கிரியாட்டினினும் தரை ஆமைக்குப் பெரிதாகப் பயன்படாது. ஆமை கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது, அதைக் காண வேறு கருவி வேண்டும். சிவப்பணு விகிதத்தை அது மின்கடத்துத் திறனை வைத்து ஊகிக்கிறது; அதை நம்பாமல் நுண்குழாயில் சுழற்றிப் பாருங்கள். இரத்தத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் அளக்கும் என்பதால், ஆமையின் உடல் வெப்பத்தைக் குறித்துக்கொண்டு அமிலத்தன்மையைத் திருத்த வேண்டும். பிடித்ததிலிருந்து ஊசி போட்டதுவரை ஆன நேரத்தையும் எழுதுங்கள். திமிறிய ஆமைக்கு லாக்டேட் ஏறித்தான் இருக்கும். முட்டை உருவாகும் பெண் ஆமைக்குக் கால்சியம் கூடுதலாக இருப்பது நோயல்ல.

அணுக்களை எண்ணுவதற்கு மட்டும் கருவி உதவாது. ஊர்வனவற்றின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு. மனித இரத்தத்துக்கான எண்ணும் இயந்திரம் அதில் குழம்பிவிடும். கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுவதுதான் வழி. இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஹெபாரின் கலப்பதற்கு முன் ஊசியிலிருந்து நேராகப் பூசுங்கள், இல்லாவிட்டால் அணுக்கள் தெரிவதற்காக ஏற்றும் சாயம் நீலம் பாரிக்கும். பூசியதை மெத்தனாலில் நனைத்து நிலைப்படுத்த வேண்டும். மெத்தனாலோடு கேரள எல்லையைத் தாண்டுவது இன்னொரு கதை. எல்லைச் சாவடியில் புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். வாங்கிய ரசீதும், நிறுவனத்தின் கடிதமும், ஆணையின் நகலும் ஒரே உறையில் இருந்ததால் பிழைத்தோம். மெத்தனால் இல்லாமலே சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சாயங்காலம் முகாமில் நிலைப்படுத்தாமல் காயவைத்த தகடுகளை, விடிவதற்குள் எறும்புகள் துடைத்துவிட்டிருந்தன. வெறும் கண்ணாடிதான் மிச்சம்.