படம் வராத மானிட்டரும் ரங்கூன் மழையும்

கம்ப்யூட்டரைப் போட்டால் உள்ளே விசிறி சுற்றுகிறது, பொத்தானில் லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. இப்படி ஆனால் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, "மானிட்டர் போச்சு." போன ஆடியில் எனக்கு இது நடந்தபோது கடையிலும் அதையேதான் சொன்னார்கள். மானிட்டரில் ஒரு கோளாறும் இல்லை. நான் போன வழியை எழுதி வைத்தால், என்னைப் போல வீட்டில் ஒரே ஒரு மெஷினை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குக் காசு மிச்சமாகும்.

கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் தமிழிலும் பர்மியிலும் டைப் செய்து கொடுப்பது என் தொழில். ஆடி பிறந்தால் கூழ் ஊற்றுதல், தீமிதி என்று வேலை குவியும். மழையும் அதே மாதத்தில்தான் கொட்டும். ரங்கூனில் கரண்ட் முறை வைத்து வருகிறது, வந்தவுடன் தெருப் பிள்ளைகள் "மீ லா பீ!" (கரண்ட் வந்தாச்சு) என்று பர்மியில் கத்த, எல்லா வீட்டிலும் தண்ணீர் மோட்டாரும் ஃபிரிஜும் ஒன்றாகக் கிளம்பும். வோல்டேஜ் அப்போது ஏறி இறங்கும். அப்படிக் கரண்ட் வந்த ஒரு சாயங்காலம் மெஷினைப் போட்டேன், படம் வரவில்லை. அம்மன் கோயில் நோட்டீஸ் பாதியில் நிற்கிறது.

கடைக்குப் போன் போட்டேன். "பவர் அடிச்சிருக்கும்ணே. மானிட்டர் போயிருக்கும், வேற வாங்கிடுங்க." மெஷினைப் பார்க்காமலே சொன்ன பதில். எங்கள் பர்மா நாணயமான சாட்டின் மதிப்பு இறங்கிக் கிடக்கும் நேரத்தில் புது மானிட்டர் என்பது சின்ன விஷயமில்லை.

மானிட்டர் நல்லதா கெட்டதா என்று அதனிடமே கேட்டுவிடலாம். கம்ப்யூட்டருக்குப் போகும் ஹெச்டிஎம்ஐ வயரைக் கழற்றிவிட்டு, கரண்ட் வயர் மட்டும் வைத்து மானிட்டரை ஆன் செய்தேன். கம்பெனி பெயர் வந்தது, அப்புறம் 'நோ சிக்னல்' என்று ஒரு பெட்டி திரையில் மிதந்தது, கொஞ்ச நேரத்தில் அணைந்து லைட் ஆரஞ்சுக்கு மாறியது. அந்தப் பெட்டியை வரைவது மானிட்டருக்குள் இருக்கும் போர்டு. அது கண்ணுக்குத் தெரிகிறது என்றால் உள்ளே பவர் சரி, பேனல் சரி, பின்னால் இருக்கும் விளக்கும் சரி. மீதி இருப்பது வயரும் அது போய்ச் சொருகும் வாயும்தான். பக்கத்து வீட்டுப் பெண் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து அதே வயரில் மாட்டினாள். "மாமா, பளிச்சுனு வருது!" வயருக்கும் அத்தோடு விடுதலை. (மானிட்டரில் இரண்டு மூன்று வாய் இருந்தால், எந்த வாயில் வயர் சொருகியிருக்கிறதோ அதையே மெனுவில் தேர்ந்திருக்கிறோமா என்று பார்ப்பதும் இந்த இடத்தில்தான்.)

எழுத்தே வராமல் லைட் மட்டும் எரிந்தால் வேறு சோதனை. எங்கள் கோயில் ஆபீஸில் இருந்த பழைய மானிட்டர் போட்டவுடன் கண்சிமிட்டும் நேரம் படம் காட்டிவிட்டு இருண்டுவிடும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சாய்த்துத் திரைக்கு நெருக்கமாகப் பிடித்தால், மங்கலாக ஐகான்கள் தெரிந்தன. படம் இருக்கிறது, பின்விளக்கு இல்லை. அந்த வேலையை ரிப்பேர்காரரிடம்தான் விட வேண்டும். மானிட்டரை யாரும் வீட்டில் பிரிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 230 வோல்ட் உள்ளே நேர் மின்சாரமாக மாறும்போது 325 வோல்ட் வரை ஏறி கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். மானிட்டர் நல்லது, வயர் நல்லது, ஆகக் கோளாறு கம்ப்யூட்டர் பெட்டியில். மெஷின் உயிரோடு இருந்து படம் மட்டும் வரவில்லையா, இல்லை மெஷினே எழுந்திருக்கவில்லையா? கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்தினேன். அழுத்த அழுத்த லைட் மாறியிருந்தால் விண்டோஸ் உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம், படம் வெளியே வரும் வழியில்தான் தடை என்று அந்தப் பக்கம் தேடியிருப்பேன். லைட் அசையவே இல்லை. விசிறி சுற்றுவதை வைத்து மெஷின் ஓடுகிறது என்று எண்ணக் கூடாது. கரண்ட் வந்தாலே விசிறி சுற்றும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். உள்ளே மிச்சமிருக்கும் சார்ஜ் இறங்கும். கரண்ட் வெட்டுக்குப் பிறகு இது ஒன்றிலேயே எழுந்துவிடும் மெஷின்கள் உண்டு. என்னுடையது எழவில்லை.

அப்புறம்தான் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே ஈர வாடை. மே கடைசியில் தொடங்கும் மழை அக்டோபர் வரை ரங்கூனை விடாது. அலமாரியில் துணி பூசணம் பிடிக்கிற வீட்டில் மெஷினுக்குள் மட்டும் காய்ந்தா இருக்கும்? முதலில் பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிக்கொண்டேன். ரேம் எனும் நினைவக அட்டைகள் இரண்டையும் கழற்றினேன். மதர்போர்டில் குட்டி பீப் ஸ்பீக்கர் ஒன்று இருப்பதால், ரேமே இல்லாமல் ஒரு தடவை ஆன் செய்து பார்த்தேன். நீளமாகக் கத்தியது. அந்தச் சத்தம் கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை: ரேம் இல்லை என்று சொல்ல முடிகிறதென்றால் பிராசஸரும் மதர்போர்டும் வேலை செய்கின்றன.

மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பட்டைகளில் ஒரு ஓரம் மங்கி, விரல் ரேகை பட்ட கண்ணாடிபோல் படலம் படிந்திருந்தது. டிடிஆர்4 ரேமில் இரண்டு பக்கமும் சேர்த்து இந்தப் பட்டைகள் 288. முக்கியமான ஒன்று தொடாவிட்டாலும் மெஷின் படம் காட்டாது. மெத்தென்ற வெள்ளைப் பென்சில் அழிப்பானால் லேசாகத் தேய்த்தேன், தூளைப் பிரஷ்ஷால் தட்டினேன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டேன். ரேம் சொருகும் ஸ்லாட்டில் கை ப்ளோயரால் காற்றடித்தேன். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போய் உட்காரும்.

ஒரே ஒரு ரேமை, பிராசஸர் பக்கமிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் 'டக்' என்று பூட்டு விழும்வரை அழுத்தினேன். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகள் பெரும்பாலானவற்றில் ஒற்றை ரேமுக்கு அதுதான் இடம். ஆன் செய்தேன். உடனே வரவில்லை. ரேமைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் தடவை மெஷின் அதைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும், அவசரப்பட்டு அணைக்கக் கூடாது. காத்திருந்தேன். கம்பெனி லோகோ வந்தது, பின்னாலேயே விண்டோஸும் வந்தது. முதல் வேலையாக நோட்டீஸ் ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது ரேமையும் துடைத்து அதன் இடத்தில் மாட்டினேன், அதுவும் வேலை செய்தது. ஆகச் செலவு அழிப்பான்தான். ஆல்கஹால் வீட்டில் இருந்தது.

இப்போதெல்லாம் கரண்ட் போனவுடன் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். வந்தாலும் வோல்டேஜ் அடங்க ஐந்து பத்து நிமிடம் விட்டே போடுகிறேன். பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, தரையிலிருந்து உயர்த்தி வைத்தாயிற்று. வேலை இல்லாத நாளிலும் கரண்ட் இருக்கும் நேரத்தில் கொஞ்சம் ஓடவிடுகிறேன், உள்சூட்டில் ஈரம் காயட்டும் என்று. யுபிஎஸ் வாங்கக் காசு சேர்க்கிறேன். ரேமைத் துடைத்தும் படம் வராதவர்கள், கடைக்கு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பெட்டியை மட்டும் கொண்டுபோய், 'நோ சிக்னல் வருகிறது, அதே மானிட்டரில் வேறு லேப்டாப்பை மாட்டினால் படம் வருகிறது, கேப்ஸ் லாக் மாறவில்லை' என்று இந்த மூன்றையும் சொல்லுங்கள்.