1896-க்கு எதிரே நிற்கும் எழுத்து

நுண்ணுயிரியல் முதுநிலை வாய்மொழித் தேர்வில் என்னை நிலைகுலைய வைத்த கேள்வி இது: "ஹெபடைடிஸ் பி வைரஸில் ஜி1896ஏ சடுதிமாற்றம், ஏ மரபணு வகையில் ஏன் அரிது?" வைரஸின் மரபணுத்தொகுதியில் 1896-ஆம் இடத்தில் ஜி என்ற எழுத்து ஏ என்று மாறுவதுதான் ஜி1896ஏ. ஏ மரபணு வகை என்பது இந்த வைரஸின் வகைகளில் ஒன்று. அரிது என்பது தெரியும், அட்டவணை மனப்பாடம். ஏன் என்பது தெரியாது. தேர்வாளர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தி, "வரைந்து பாருங்கள்" என்றார். தாள் வெள்ளையாகவே திரும்பிப் போனது.

அந்தப் படத்தை முதலில் வரையக் கற்றுக்கொள்ளுங்கள். வைரஸின் ஆர்என்ஏவில் எப்சிலான் என்ற பகுதி, கொண்டை ஊசி போல மடிந்து நிற்கிறது. ஆர்என்ஏ உறைக்குள் ஏறுவதற்கும், அதிலிருந்து டிஎன்ஏ எழுதப்படுவதற்கும் அந்த மடிப்புதான் அடையாளம். அதன் ஒரு பக்கத்தில் 1896, எதிர்ப்பக்கத்தில் 1858. பி, டி, இ மரபணு வகைகளில் 1858-இல் பெரும்பாலும் யு இருக்கிறது. யு-வுக்கு எதிரே ஜி இருந்தால் பிடி தளர்வு. அந்த ஜி, ஏ ஆக மாறினால் பிடி இறுகுகிறது. ஆகவே மாற்றம் நிலைக்கிறது. ஏ வகையில் 1858-இல் பொதுவாக சி. சி-யும் ஜி-யும் ஏற்கெனவே இறுகப் பிணைந்தவை. அங்கே ஏ வந்தால் இணை உடைந்து மடிப்பே குலையும். இரண்டு எழுத்துகளை எதிரெதிரே எழுதினால் விடை தாளிலேயே தெரிகிறது.

அதே மாற்றம் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்துக்கான டிஜிஜி என்ற குறியீட்டை (டிஎன்ஏவில் யு-வின் இடத்தில் டி) டிஏஜி என்ற நிறுத்தக் குறியாக்குகிறது. வைரஸ் இரத்தத்தில் வெளியிடும் இ-ஆன்டிஜென் என்ற புரதம் உருவாகாமல் போகிறது. வைரஸின் உட்கூட்டை அமைக்கும் மையப் புரதத்தின் தொடக்கக் குறி 1901-இல், அதாவது அந்த இடத்தைத் தாண்டித்தான் இருக்கிறது. அதனால் வைரஸ் பெருகுவது நிற்பதில்லை.

இதைப் புரிந்துகொண்ட பிறகு மற்ற பாடம் எனக்குத் தானாகவே அடுக்கிக்கொண்டது. சுமார் 3,200 எழுத்துகளே கொண்ட மரபணுத்தொகுதி. அதில் நான்கு வாசிப்புச் சட்டங்கள், அதாவது புரதமாகப் படிக்கப்படும் பகுதிகள், ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏவைப் பின்னோக்கிப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் திறன் இல்லை. பிழைகள் ஏராளம், ஆனால் ஓர் எழுத்து மாறினால் இரண்டு புரதங்கள் கெடலாம் என்பதால் நிலைத்து நிற்கும் மாற்றங்கள் குறைவு. பரிணாமம் இந்த நெருக்கடிக்குள்தான் நடக்கிறது. முழுத்தொகுதியில் சுமார் 8 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் தனி மரபணு வகை. ஏ முதல் ஜே வரை பத்து. நீளமும் ஒன்றல்ல: ஏ வகைக்கு 3,221, டி வகைக்கு 3,182. இடஎண்களை ஒப்பிடும்போது இதை மறந்தால் எல்லாம் தவறிப்போகும்.

தீவிரத் தொற்று பற்றிய கேள்விக்கு, "1896 மாறினால் கடும் கல்லீரல் செயலிழப்பு" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். 1991-இல் ஜப்பானிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் வந்த ஆய்வுகள் அந்தத் தொடர்பைக் காட்டின. பின்னர் பிரான்ஸ், அமெரிக்க நோயாளிகளை ஆராய்ந்தபோது பலரிடம் அந்த மாற்றமே இல்லை. ஏ வகை பரவலாக உள்ள இடங்களில் அப்படித்தானே இருக்கும்? 1858-ஐ அறிந்தவருக்கு இந்த முரண்பாடு திகைப்பூட்டாது. 1762, 1764 ஆகிய இடங்களின் இரட்டை மாற்றத்தையும் சேர்த்து எழுதுங்கள். அது இ-ஆன்டிஜெனைக் குறைக்கிறது, முற்றிலும் நிறுத்துவதில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த வைரஸ் பொதுவாகக் கல்லீரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. செல்லைத் தாக்குவது நம் நோயெதிர்ப்பு அணுக்கள். கடும் செயலிழப்பில் அந்தத் தாக்குதல் மிக வேகமானது. நோயாளி மருத்துவமனைக்கு வரும்போதே இரத்தத்தில் வைரஸ் வெகுவாகக் குறைந்திருக்கலாம். எஞ்சியவற்றின் வரிசையைப் படித்துவிட்டு, நோயைத் தொடங்கியதும் இதுவே என்று முடிவுகட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆய்வேட்டுக்காக நான் முதன்முதலில் பார்த்த வரிசை வரைபடத்தில், 1896-ஆம் இடத்தில் ஒரே அடியிலிருந்து இரண்டு முகடுகள் எழுந்தன: ஜி-க்கு ஒன்று, அதைவிடச் சற்றே தாழ்வாக ஏ-க்கு ஒன்று. மென்பொருள் ஜி என்று மட்டும் பதிந்திருந்தது. ஒரே நோயாளியின் உடலில் ஜி உள்ள வைரஸ் கூட்டம், ஏ உள்ள வைரஸ் கூட்டம் இரண்டும் இருந்தன. சாதாரண வரிசைப்படுத்தலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான கூட்டம் பெரும்பாலும் தென்படாது. ஆகவே முகடுகளை உங்கள் கண்ணால் பாருங்கள். பக்கத்தில் மாதிரி எடுத்த தேதியையும், 1858-இல் என்ன எழுத்து என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.