சமிக்ஞை நின்ற இடங்கள்

வட இங்கிலாந்தில் பறவைக் கண்காணிப்புக் குழு ஒன்றில், செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஹென் ஹாரியர்களின் தரவைச் சரிபார்ப்பது சில ஆண்டுகள் என் பணியாக இருந்தது. குளிர்காலத்தில் நம் ஊர்ப் புல்வெளிகளுக்கு வந்துபோகும் பூனைப்பருந்துகளின் நெருங்கிய உறவினம் இது. ஆண் வெளிர்சாம்பல் நிறம், பெண் பழுப்பு நிறம். மேட்டு நிலத்து ஹெதர் புதர்களுக்கிடையே தரையிலேயே கூடு கட்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டம் முதல் இதைக் கொல்வது குற்றம். ஆனாலும் 2013ஆம் ஆண்டில் இங்கிலாந்து முழுவதிலும் ஒரு கூட்டிலிருந்துகூடக் குஞ்சு வெற்றிகரமாக வளர்ந்து பறக்கவில்லை.

இதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள, அதே மேட்டு நிலத்தில் வாழும் கிரௌஸ் என்னும் காட்டுப் பறவையை வேட்டையாடும் விதத்தை அறிய வேண்டும். நாயுடன் நடந்துசென்று கண்ணில்படும் பறவையைச் சுடும் பழைய முறைக்குக் குறைவான பறவைகளே போதும். விரட்டு வேட்டையிலோ, ஆட்கள் வரிசையாகக் கொடியசைத்து வந்து பறவைகளைக் கிளப்ப, மறைவிடங்களில் காத்திருக்கும் துப்பாக்கிக்காரர்களின் தலைக்கு மேல் அவை கூட்டங்கூட்டமாகப் பறந்துவர வேண்டும். அதற்கு இயல்பைவிட மிக அதிக அடர்த்தியில் கிரௌஸ் இருந்தாக வேண்டும். ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரையிலான அந்தப் பருவத்துக்காக ஆண்டு முழுவதும் வேலை நடக்கிறது. இளந்துளிர் வருவதற்காக ஹெதரைத் திட்டுத்திட்டாக எரிக்கிறார்கள். நரி, காகம், ஸ்டோட் என்னும் சிறு ஊனுண்ணி ஆகியவற்றைக் கொல்கிறார்கள். குடற்புழுவுக்கான மருந்து பூசிய மணற்பரல்களைப் புதர்களுக்கிடையே வைக்கிறார்கள். இவ்வளவையும் சட்டம் அனுமதிக்கிறது. கிரௌஸ் குஞ்சுகளைத் தின்னும் ஹாரியரைத் தொடக்கூடாது என்று மட்டும் தடுக்கிறது.

குஞ்சு பறக்கத் தொடங்கும் முன் அதன் முதுகில் கட்டப்படும் கருவி சூரிய ஒளியில் மின்னேற்றம் பெற்று, சில மணிநேரம் சமிக்ஞை அனுப்பி, பின்னர் ஓய்ந்து, மீண்டும் அனுப்பும். பறவை நோயாலோ பசியாலோ இறந்தால், கருவி பெரும்பாலும் அதே இடத்திலிருந்து தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கும். தேடிச் சென்றால் உடல் கிடைக்கும். கருவி பழுதடைவதாக இருந்தால் மின்கல அழுத்தம் குறைவதும் சமிக்ஞை விட்டுவிட்டு வருவதும் முன்கூட்டியே தெரியும். இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகைதான் எங்களை வருத்தியது. முந்தைய முறை வரை எல்லா அளவுகளும் சீராக இருந்த கருவி, அடுத்த முறை வாய்திறக்காது. கடைசி இருப்பிடத்தைச் சுற்றிக் காவல்துறையினருடன் தேடினாலும் உடலோ கருவியோ கிடைக்காது. அப்படிப்பட்ட பறவையைப் பற்றிய அறிக்கையில் 'விளக்கமின்றி நின்றது' என்பதற்கு மேல் எழுத எனக்கு அனுமதியில்லை. அது சரியான விதி என்றே இன்றும் கருதுகிறேன், ஏனெனில் அந்த ஒரு பறவையைக் கொண்டு எந்த மனிதர்மீதும் பழிசுமத்த முடியாது.

ஆனால் அத்தகைய பதிவுகள் ஒன்றுசேரும்போது நிலைமை மாறுகிறது. 2019இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, 2007 முதல் 2017 வரை கருவி பொருத்தப்பட்ட 58 ஹாரியர்களின் கதியை ஆராய்ந்து, அவற்றில் 72 விழுக்காடு சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டது உறுதி அல்லது மிகவும் சாத்தியம் என்று கண்டது. கிரௌஸ் வேட்டை நிலம் மிகுந்த பகுதியில் இருக்கும்போது ஒரு பறவை இறப்பதற்கோ மறைவதற்கோ உள்ள வாய்ப்பு மற்ற இடங்களைவிடப் பத்து மடங்கு அதிகம். தற்செயலாகப் பழுதாகும் கருவிகள் நில உரிமையைப் பார்த்துப் பழுதாகமாட்டா.

வேட்டை நிலங்களைப் பராமரிக்கும் கேம்கீப்பர்கள் சிலருடன் பேசியிருக்கிறேன். அவர்களில் மூத்த ஒருவர், தம் குடும்பம் இருக்கும் வீடே வேலையோடு சேர்ந்தது என்றும், பறவை குறைந்தால் வேலையும் வீடும் ஒருசேரப் போய்விடும் என்றும் நிதானமாகச் சொன்னார். அது வெறும் பயமல்ல. தெற்கு ஸ்காட்லாந்தின் லாங்ஹோமில் ஹாரியர்களை முழுமையாகப் பாதுகாத்தபோது, 1992இல் இரண்டாக இருந்த இனப்பெருக்கப் பெண் பறவைகள் 1997இல் இருபதாயின. இலையுதிர்காலக் கிரௌஸ் எண்ணிக்கையை இரைகொல்லிப் பறவைகள் பாதியாகக் குறைத்தன என்று ஆய்வு கணித்தது. விரட்டு வேட்டை நின்றுபோனது. ஹாரியர் கிரௌஸைப் பாதிக்காது என்று எங்கள் தரப்பில் யாரேனும் சொன்னால் அது உண்மையல்ல. ஆனால் சட்டத்தை மீறினால்தான் லாபம் தரும் ஒரு தொழிலின் சுமையைச் சம்பளத்துக்கு வேலைசெய்யும் கேம்கீப்பர்மீது ஏற்றிவிட்டு, நில உரிமையாளர் ஒதுங்கிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனவேதான் உரிம முறையை ஆதரிக்கிறேன். குற்றவியல் வழக்கு இன்ன ஆள், இன்ன நாள், இன்ன பறவை என்று ஐயமற நிரூபிக்கச் சொல்கிறது. மனித நடமாட்டமில்லாத மேட்டு நிலத்தில் அது ஏறக்குறைய நடவாத காரியம். ஸ்காட்லாந்து 2024இல் இயற்றிய சட்டப்படி, கிரௌஸ் வேட்டைக்கு உரிமம் கட்டாயம். ஒரு வேட்டை நிலத்தில் குற்றம் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஆதாரங்கள் காட்டினால், தண்டனைத் தீர்ப்புக்குக் காத்திராமல் உரிமத்தை நிறுத்திவைக்கலாம். இழப்பு உரிமையாளரையே சேர்கிறது. இங்கிலாந்தில் அப்படியொரு சட்டம் இல்லை. விரட்டு வேட்டையைத் தடைசெய்யக் கோரி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுக்களின்பேரில் 2016இலும் 2025இலும் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. தடைசெய்யும் எண்ணமில்லை என்றே அரசு பதிலளித்தது. தடை வேண்டுமா என்பதில் எங்கள் குழுவிலேயே கருத்து வேறுபாடு உண்டு. ஸ்காட்லாந்தைப் போன்ற உரிம முறை இங்கேயும் வர வேண்டும், ஒரே எஸ்டேட்டில் திரும்பத் திரும்ப நின்றுபோகும் கருவிகளின் தொகுப்பையும் அந்த முறை ஆதாரமாக எடைபோட வேண்டும் என்பதில் வேறுபாடில்லை.